ஒரு முகத்துக்கு மட்டுமே மிச்சமிருந்த தோல்

ஹாலிவுட்டின் டார்க்மேன் படவரிசையின் மூன்றாம் பாகத்தை யாராவது பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. முதல் படத்தைக் கொண்டாட ஆட்கள் உண்டு. கொண்டாட வேண்டிய படம்தான். சாம் ரெய்மி இயக்கி 1990-ல் வந்தது. லியாம் நீசன் நாயகன், ஃபிரான்சிஸ் மெக்டார்மண்ட் நாயகி, இசை டேனி எல்ஃப்மன். அதற்கப்புறம் வந்த இரண்டும் தியேட்டர் பக்கமே போகாமல் நேராக வீடியோ கேசட்டில் இறங்கியவை. 1995-ல் ‘தி ரிட்டர்ன் ஆஃப் டுரான்ட்’, 1996-ல் ‘டை டார்க்மேன் டை’. காசு குறைவு, நாயகன் வேறு, இயக்குநர் வேறு. ஆனால் அந்த மூன்றாவது படத்தின் கடைசிக் கட்டம், இந்த வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். ஏன் பிடித்தது என்று விரிவாக எழுதிவைக்க ரொம்ப நாளாக ஆசை. கதையைச் சொல்லாமல் அதை எழுத முடியாது. ஆகவே படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டே வரலாம். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது.

நான் சீரியல்களுக்கு மேக்கப் போடுகிறவன். அழகாகக் காட்டுவது பாதி வேலை. மீதிப் பாதி, விபத்தில் கிழிந்த நெற்றி, தீயில் வெந்த கன்னம், ஆஸ்பத்திரிக் கட்டு. லேட்டக்ஸும் பஞ்சும் டிஷ்யூ பேப்பரும் கலந்து ஒரு தீக்காயத்தைக் கட்டி எழுப்பி, அதை நான்கு நாள் ஷூட்டிங்கில் ஒரே மாதிரி வைத்திருப்பது எவ்வளவு பாடு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். முகம் போன ஒருவனின் கதையை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதல் படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டன் வெஸ்ட்லேக் ஒரு விஞ்ஞானி. தீக்காயம் பட்டவர்களுக்காகச் செயற்கைத் தோல் உருவாக்கிக்கொண்டிருக்கிறான். ஒரு புகைப்படம் கொடுத்தால் போதும், கம்ப்யூட்டர் அதை அளந்து அச்சு செய்து, அந்த முகத்தையே தோலாக வார்த்துக் கொடுத்துவிடும். ஒரே சிக்கல், வெளிச்சத்தில் 99 நிமிடம் ஆனதும் அந்தத் தோல் கொப்பளித்துக் கரைந்துவிடுகிறது. ராபர்ட் டுரான்ட் என்ற தாதாவின் ஆட்கள் ஓர் ஆவணத்தைத் தேடி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறார்கள். உதவியாளரைக் கொல்கிறார்கள், வெஸ்ட்லேக்கின் முகத்தை ரசாயனத்தில் முக்குகிறார்கள், கட்டடத்தையே வெடிக்கவைக்கிறார்கள். ஆள் பிழைக்கிறான். ஆஸ்பத்திரியில் அவன் யாரென்று தெரியாமலே, வலி தெரியாதிருக்க நரம்புகளைத் துண்டித்துவிடுகிறார்கள். வலி போய்விட்டது, தொடு உணர்வும் போய்விட்டது. உணர்வில்லாத உடம்பில் அட்ரினலின் கட்டுக்கடங்காமல் ஓட, அசுர பலமும் அடக்க முடியாத கோபமும் வந்து சேர்கின்றன. அவன்தான் டார்க்மேன்.

ரெய்மிக்கு முதலில் ‘தி ஷேடோ’ என்ற பழைய நாயகனின் கதையைப் படமாக்கத்தான் ஆசை. உரிமை கிடைக்கவில்லை. பேட்மேனும் கைக்கு வரவில்லை. அதனால் தானே ஒரு நாயகனை எழுதிக்கொண்டார். ஒன்றரைக் கோடி டாலர் அளவிலான செலவில் எடுத்த படம் உலகம் முழுவதும் 4.8 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கடன் வாங்காத நாயகன் என்பதால்தான் இவனிடம் ஒரு விசேஷம் அமைந்தது என்று நினைக்கிறேன். மற்ற முகமூடி நாயகர்கள் தங்களை மறைத்துக்கொள்ள முகமூடி போடுகிறார்கள். இவன் முகமூடி போட்டால்தான் மனுஷனாகத் தெரியமுடியும், அதுவும் 99 நிமிடத்துக்கு. ஒரு சின்ன விஷயம்: முதல் படம் சுமார் 96 நிமிடம், இரண்டாவது 93, மூன்றாவது 87. மூன்றில் எதுவும் அந்தத் தோலின் ஆயுளைத் தாண்டி ஓடுவதில்லை. திட்டமிட்டார்களோ என்னவோ, எனக்கு அது பிடித்திருக்கிறது.

காசு விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலகட்டத்தில் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் ஒரு புது வழியைக் கண்டுபிடித்திருந்தன. ஓடின படத்துக்கு அடுத்த பாகத்தைச் சிக்கனமாக எடுத்து, தியேட்டர் செலவே இல்லாமல் கேசட்டாக விற்பது. டிஸ்னி 1994-ல் ‘அலாதீன்’ படத்தின் தொடர்ச்சியை அப்படி விட்டு அள்ளியது. யுனிவர்சலும் அதே 1994-ல் தன் குட்டி டைனோசர் கார்ட்டூனுக்கு இரண்டாம் பாகம் போட்டது. அந்த வரிசையில்தான் டார்க்மேன் வந்து நின்றான். ரெய்மியும் அவருடைய கூட்டாளி ராபர்ட் டேப்பர்ட்டும் தயாரிப்புப் பக்கம் மட்டும் இருந்துகொள்ள, பிராட்ஃபோர்ட் மே என்ற தொலைக்காட்சி இயக்குநரிடம் இரண்டு படங்களும் போயின. டொராண்டோவில் எடுத்தார்கள். ஒளிப்பதிவும் அவரே. இயக்குநரும் கேமராமேனும் ஒரே ஆளாக இருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை ஷாட் கூடுதலாகத் தேறும் என்று எங்கள் யூனிட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இசைக்கு ராண்டி மில்லர் வந்தார், எல்ஃப்மனின் மெட்டுகள் கூடவே தொடர்ந்தன. முதல் படத்தின் பழைய காட்சிகளைக் கொண்டே முன்கதையைச் சொல்லிவிட்டார்கள்.

நாயகனாக ஆர்னால்ட் வோஸ்லூ. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். 1993-ல் ஜான் வூ ஹாலிவுட்டுக்கு வந்து எடுத்த முதல் படமான ‘ஹார்ட் டார்கெட்’டில் வில்லனின் கையாளாக நடித்தவர், அதிலும் ரெய்மியும் டேப்பர்ட்டும் தயாரிப்பில் இருந்தார்கள். நீசன் மாதிரி வெடித்துச் சிதறும் கோபம் வோஸ்லூவிடம் இல்லை. இவருடைய வெஸ்ட்லேக் களைத்துப்போனவன். பல வருஷம் தனியாக வாழ்ந்துவிட்ட ஒருவன் பேசுகிற மாதிரிப் பேசுகிறான், தணிந்த குரலில், தேவைக்கு மட்டும். முதல் படத்தில் எல்லாம் புதுக் காயம். அங்கே நீசன்தான் சரி. மூன்றாவது படத்தில் அது ஆறாமல் பழகிப்போன காயம். அங்கே நீசன் வந்திருந்தால்கூட இந்த அளவுக்குப் பொருந்தியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். இதைச் சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இதே வோஸ்லூதான் 1999-ல் ‘தி மம்மி’யில் இம்ஹோடெப்பாக வந்தார். அழுகிப்போன உடம்போடு எழுந்து, ஒவ்வோர் ஆளாகக் கொன்று, அவர்கள் சதையை எடுத்துத் தன் முகத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் வில்லன். அதுவும் யுனிவர்சல் படம். டார்க்மேனில் முகத்தை விட்டுக்கொடுத்த ஆளே அங்கே அடுத்தவர் சதையைப் பிடுங்கி முகம் செய்துகொள்கிறார்.

இரண்டாம் பாகத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. முதல் படத்தில் ஹெலிகாப்டரோடு எரிந்துபோன டுரான்ட் கோமாவிலிருந்து எழுந்து வந்துவிடுகிறான். லாரி டிரேக்கை மறுபடி கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே எழுதின கதை. அவர் நல்ல நடிகர், தொலைக்காட்சியில் ‘எல்.ஏ. லா’ தொடருக்காக இரண்டு எம்மி விருது வாங்கியவர். விரல்களை வெட்டிச் சேர்த்துவைக்கும் அந்த வில்லனை அவர் இவ்வளவு நாசூக்காகச் செய்வது பயத்தைக் கூட்டுகிறது. ஆனால் மனநல விடுதியிலிருந்து விஞ்ஞானியைக் கடத்தி ஆயுதம் செய்யும் திட்டமெல்லாம் மனத்தில் ஒட்டவில்லை. எனக்கு அதில் பிடித்தது டேவிட் பிரிங்க்மன் என்ற இன்னொரு விஞ்ஞானியின் பகுதி. அவனும் செயற்கைத் தோல் ஆராய்ச்சிதான். தன் வேலையைப் புரிந்துகொள்ளும் ஒரே மனுஷனை வெஸ்ட்லேக் கண்டுபிடிக்கிறான், நட்பு முளைக்கிறது, 99 நிமிடச் சுவர் உடையப்போகிறது என்று நம்பிக்கை வருகிறது. டுரான்டின் ஆட்கள் பிரிங்க்மனைக் கொன்றுவிடுகிறார்கள். பிரிங்க்மனின் தங்கையாக வரும் ரெனே ஓ’கானர்தான் அதே 1995-ல் ‘ஸீனா’ தொடரில் கேப்ரியலாக வந்தவர்.

நான் நிற்க விரும்புவது மூன்றாவது படத்தில்.

பீட்டர் ரூக்கர் ஒரு போதைப்பொருள் முதலாளி. ஜெஃப் ஃபேஹி நடித்திருக்கிறார். ரூக்கரின் பணத்தை வெஸ்ட்லேக் தன் ஆராய்ச்சிச் செலவுக்காக அடித்துக்கொண்டு போகிறான். யார் இவன், எங்கிருந்து இவனுக்கு இந்தப் பலம் என்று ரூக்கருக்கு வெறி பிடிக்கிறது. பிரிட்ஜெட் தார்ன் என்ற டாக்டர், டார்லான் ஃப்ளூகல் நடித்தது, வெஸ்ட்லேக்கிடம் வந்து, அன்று ஆஸ்பத்திரியில் உன் உயிரைக் காப்பாற்றியவர்களில் நானும் ஒருத்தி என்கிறாள். துண்டித்த நரம்புகளை மறுபடி சேர்க்க முடியும் என்கிறாள். தொடு உணர்வு திரும்பும் என்ற ஒரு வார்த்தைக்காக அவன் நம்பிவிடுகிறான். அவளோ ரூக்கரின் ஆள். இதற்கிடையில் அவன் வெளிச்சத்திலும் கரையாத நிரந்தரத் தோலைச் செய்து முடித்துவிடுகிறான். அதன் தகவல் பறிபோகிறது, ஒரு சின்ன மாதிரி மட்டும் மிச்சம்.

இழந்ததை மீட்க வெஸ்ட்லேக் ரூக்கரின் முகத்தைச் செய்து மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குள் போகிறான். விக்கிரமாதித்தன் கதைகளில் கூடு விட்டுக் கூடு பாய்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தின் ஆபத்து சட்டென்று புரியும். உடம்பு மாறிப் போகிறவனுக்கு எதிரி பிரச்சனை இல்லை. அந்த உடம்புக்காக வீட்டில் காத்திருப்பவர்கள்தான் பிரச்சனை. ரூக்கருக்கு ஏஞ்சலா என்று மனைவி, ஜென்னி என்று சின்ன மகள். வீட்டில் இருவரையும் ஏறெடுத்துப் பார்க்காத ஆள் அவன். முகம் மாற்றி வந்தவன் பார்க்கிறான், உட்கார்ந்து பேசுகிறான், குழந்தை சொல்வதைக் கேட்கிறான். அவ்வளவுதான் அவன் செய்வது. அந்தக் குழந்தைக்கு அதுவே பெரிதாக இருக்கிறது.

பலவருஷமாக யாரும் அன்போடு பார்க்காத ஒருவனை இரண்டு பேர் அன்போடு பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது அவன் முகத்தை அல்ல, அவன் வெறுக்கும் ஒருவனின் முகத்தை. கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் படத்தில் வெஸ்ட்லேக் தன் சொந்த முகத்தையே செய்து மாட்டிக்கொண்டு காதலியோடு திருவிழாத் திடலுக்குப் போவான். கோபம் தலைக்கேறி, பொம்மை தரமறுத்த கடைக்காரன் விரலை முறித்துவிட்டு ஓடுவான். அது அற்புதமான காட்சி. ஆனால் அங்கே அவன் இழந்ததைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறான். இங்கே தனக்கு எப்போதுமே இல்லாத ஒன்றின்மேல் ஆசை வருகிறது. எனக்கு இது கூடுதல் துயரமாகப் படுகிறது.

இதில் காசு குறைவு எப்படிக் கைகொடுத்தது என்பதுதான் ஒரு மேக்கப்காரனாக என்னை ஈர்ப்பது. டார்க்மேனின் நிஜ முகம், உதடு வெந்து பல் வெளியே தெரியும் அந்த முகம், முதல் படத்தில் டோனி கார்ட்னர் செய்தது. அந்த மாதிரி முகத்தைத் திரையில் காட்ட ஒவ்வொரு நாளும் புதிதாகத் துண்டுகள் வார்க்க வேண்டும். ஃபோம் லேட்டக்ஸ் துண்டை ஒருதரம் ஒட்டிப் பிரித்தால் ஓரம் கிழிந்துவிடும், மறுநாளைக்கு உதவாது. ஒட்டுவதற்கு மணிக்கணக்கு, பிரிப்பதற்கு மணிக்கணக்கு. நடிகர் அதற்குள் வியர்த்துக் கொட்டுவார், வியர்த்தால் ஓரம் தூக்கும், தூக்கினால் டச்சப். காசில்லாத படம் இதைத் தாங்காது. கட்டுத்துணி, தொப்பி, நிழல், இவை கைகொடுக்கும். ஆனாலும் கட்டுப்போட்ட முகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் கதையை ஓட்டுவது?

இந்த நாயகன் வேறொருவர் முகத்தை மாட்டிக்கொண்டால், அந்த வேறொருவரே வந்து நடித்துவிட்டுப் போகலாம். மேக்கப்பே வேண்டாம்! ஜெஃப் ஃபேஹி தன் சொந்த முகத்தோடு செட்டுக்கு வந்து நிற்கிறார்; நாம் அவரை வெஸ்ட்லேக் என்று நம்புகிறோம். செலவு பூஜ்யம். முதல் படத்திலும் இந்த உத்தி உண்டு. சுழல்கதவுக்குள் இரண்டு டுரான்ட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடத்தை மறக்க முடியாது. ஆனால் அங்கே அது துரத்தலுக்கு நடுவே வந்து போகும் வேடிக்கை. மூன்றாவது படத்தில் கதையின் பாரம் முழுவதும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. மாதிரிக் கட்டடங்களையும் ஹெலிகாப்டர்களையும் வாங்க முடியாத படம், ஒரு வரவேற்பறையையும் மூன்று நடிகர்களையும் வைத்துக்கொண்டு தன் நாயகனின் அடிவயிற்றைத் தொட்டுவிட்டது.

ஃபேஹி இதைச் சுலபமாகச் செய்துவிட்டுப் போகிறார். ரூக்கராக இருக்கும்போது எல்லாரையும் அளக்கிற பார்வை, தன் வீட்டிலேயே தனக்கு எல்லாம் சொந்தம் என்ற தோரணை. வெஸ்ட்லேக்காக அதே வீட்டில் நிற்கும்போது கண்ணில் ஒரு தயக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறது, இந்த இடத்தில் நிற்க உரிமை இல்லாதவனின் தயக்கம். என் உதவியாளர் பெண்ணுக்கு இந்தப் பகுதியை ஒருநாள் லஞ்ச் பிரேக்கில் போனில் போட்டுக் காட்டினேன். முன்கதை எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அண்ணா, இவர் ரெண்டு ரோலா? அந்த ஆள் வேற, இந்த ஆள் வேற மாதிரி தெரியுதே” என்றாள். “மேக்கப்ல ஏதாவது வித்தியாசம் தெரியுதா பாரு” என்றேன். திரும்ப ஓட்டிப் பார்த்தாள். “இல்லண்ணா, ஒண்ணும் மாத்தலையே. எப்பிடிண்ணா?” அவளுக்கு வேறு பாடம் நடத்தத் தேவையில்லாமல் போயிற்று.

எழுதியவர்கள் யார் என்று பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான ஆச்சரியம். மைக் வெர்ப், மைக்கேல் கொலியரி. அடுத்த வருஷம், 1997-ல், ஜான் வூ இயக்கத்தில் ஜான் டிரவோல்டாவும் நிக்கோலஸ் கேஜும் முகம் மாற்றிக்கொள்ளும் ‘ஃபேஸ்/ஆஃப்’ வந்ததே, அதை எழுதியவர்கள் இதே இருவர்தான். அந்தக் கதையை அவர்கள் பல வருஷம் முன்பே எழுதிக் கையில் வைத்திருந்தார்கள். படமாவதற்கு அவ்வளவு காலம் பிடித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வில்லனின் முகத்தில் அடைபட்ட போலீஸ்காரன், அந்த வில்லன் கைவிட்ட சின்னப் பையனைக் கையில் எடுக்க நேர்கிறது. போலீஸ்காரனின் முகத்தில் இருக்கும் வில்லனோ அவன் மனைவியோடு குடித்தனமே நடத்துகிறான். எதிரியின் வீட்டுக்குள் எதிரியின் முகத்தோடு போனால் எதிரியின் குடும்பம் உன்னை என்ன செய்யும்? இந்தக் கேள்வியை இவர்கள் இரண்டுதரம் எழுதியிருக்கிறார்கள். பெரிய படம் எட்டுக் கோடி டாலரில், படகுத் துரத்தலும் புறாக்களும் சூழ அதைக் கேட்டது. சின்னப் படம் ஒரு வீட்டுக்குள் கேட்டது.

இனி அந்தக் கடைசிக் கட்டம். ரூக்கர் தன் மனைவி, மகள் உயிரையே பணயமாக்குகிற அளவுக்குப் போகிறான், அழிகிறான். தீயில் ஜென்னியின் முகம் வெந்துவிடுகிறது. வெஸ்ட்லேக்கிடம் நிரந்தரத் தோல் ஒரே ஒரு மாதிரிதான் இருக்கிறது. ஒரு முகத்துக்குத்தான் வரும். அதைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு இருட்டுக்குள் போய்விடுகிறான்.

தொடர் படங்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. நாயகன் குணமாகிவிடக் கூடாது. முகம் கிடைத்துவிட்டால் டார்க்மேன் இல்லை, டார்க்மேன் இல்லை என்றால் அடுத்த கேசட் இல்லை. அதனால் ஒவ்வொரு படத்தின் முடிவிலும் ஏதாவது ஒன்று நடந்து அவன் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். பார்க்கிறவர்களுக்கும் இது தெரியும். எந்த மருந்து வந்தாலும் கடைசியில் பாட்டில் உடைந்துவிடும் என்று காத்திருப்போம். முதல் படத்தில் வெளிச்சமும் வேதியியலும் அவனைத் தோற்கடித்தன. இரண்டாவதில் எதிரி பிரிங்க்மனைக் கொன்று, வழியை அடைத்தான். மூன்றாவதில் எதுவும் உடையவில்லை. மருந்து பலித்துவிட்டது, அவன் கையில் பத்திரமாக இருக்கிறது, பறிக்க யாருமில்லை. அவனே எடுத்து நீட்டுகிறான். வியாபாரத்துக்காகச் செய்தே தீரவேண்டிய ஒன்றை, அந்த மனுஷனின் சொந்தத் தீர்மானமாக மாற்றிவிட்டார்கள் வெர்ப்பும் கொலியரியும். இதை எழுத்தில் நடந்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. வெஸ்ட்லேக் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியதே தீக்காயம் பட்டவர்களுக்காக. முதல் படத்தின் ஆரம்ப நிமிடங்களில் சொல்லப்படும் இது, வெடிவிபத்துக்கப்புறம் மறந்துபோகிறது; தோல் என்பது அவனுக்கு மாறுவேஷமாகவும் ஆயுதமாகவும் ஆகிவிடுகிறது. டுரான்டின் ஆட்களை ஒருவரோடொருவர் மோதவிட அதைப் பயன்படுத்துகிறான், பணம் அடிக்கப் பயன்படுத்துகிறான். மூன்று படங்களிலுமாகச் சேர்த்து, அந்தத் தோல் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்வது இந்த ஒருதரம்தான். ஒரு குழந்தையின் வெந்த முகத்தில் ஒரு டாக்டரின் மருந்தாக. சீரியலில் தீக்காயம் போட்டுவிடும் குழந்தை நடிகர்கள் பேக்கப் ஆனதும் கண்ணாடி முன்னால் வந்து நிற்பார்கள், பஞ்சில் எண்ணெய் தொட்டு நான் துடைத்துவிடுவேன், கீழே பழைய முகம் அப்படியே இருக்கும். அந்த வேலையைச் செய்கிற எவனுக்கும் இந்தக் காட்சி வேறு ஆழத்தில் இறங்கும்.

குறைகள் இருக்கின்றன. ரூக்கரின் அடியாட்கள் வெஸ்ட்லேக்கின் பலத்தை ஊசி போட்டு ஏற்றிக்கொண்டு ஆடும் பகுதி நீளம், அலுப்பு. வெளிச்சம் முழுக்கத் தொலைக்காட்சி வெளிச்சம். முதல் படத்தில் பில் போப் கேமராவைச் சுழற்றி, கோணலாக்கி, வெஸ்ட்லேக்கின் மண்டைக்குள்ளேயே கூட்டிப்போனார், அந்தக் கிறுக்கு இங்கே இல்லை. பிரிட்ஜெட் தார்ன் பாத்திரத்தை இன்னும் யோசித்து எழுதியிருக்கலாம். உயிர் காத்ததாகச் சொல்லிக்கொண்டு வந்து துரோகம் செய்யும் ஒரு டாக்டர், வலிமையான யோசனை. படம் அவளைச் சீக்கிரமே வெறும் வில்லியாக்கி விட்டுவிடுகிறது.

எனக்குத் தீராத குறை ஏஞ்சலா விஷயத்தில்தான். ரொக்ஸான் டாசன் நடித்திருக்கிறார். ‘ஸ்டார் டிரெக்: வாயேஜர்’ பார்த்தவர்களுக்குப் பொறியாளர் பெலானா டாரெஸாகத் தெரிந்த முகம். இவ்வளவு நாள் கல்லாக இருந்த கணவன் திடீரென்று கனிந்து பேசுகிறான். அவளுக்குள் என்ன நடந்திருக்கும்? நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் முடியாமல் தவித்திருப்பாள். நம்பிய பிறகு, அன்று தன்னிடம் அன்பாகப் பேசியவன் கணவனே இல்லை, முன்பின் தெரியாத ஒருவன் என்று தெரிந்தால்? ஏமாற்றப்பட்டவள் அவள்தான். அவன் நல்லவன் என்பதால் அது ஏமாற்று இல்லை என்று ஆகிவிடாது. வெஸ்ட்லேக்கின் ஏக்கத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்த படம், அவள் பக்கத்துக் கோபத்துக்கும் குழப்பத்துக்கும் கொடுத்த இடம் போதவே போதாது. டாசனிடம் அதற்கான திறமை தாராளமாக இருந்தது. அப்படியொரு காட்சிக்கு வெடி வேண்டாம், ஸ்டண்ட் ஆட்கள் வேண்டாம், முகத்தில் ஒட்டும் ஒரு புரோஸ்தெடிக் துண்டுகூட வேண்டாம். டாசன், வோஸ்லூ, அந்த வீட்டின் சமையலறை, அரை நாள் கால்ஷீட். ஊசி போட்ட அடியாட்களின் சண்டையில் பாதியை வெட்டியிருந்தால் அதற்கான நேரம் படத்திலேயே கிடைத்திருக்கும்.